4294967295 - இந்த நம்பர்ல கணக்குப்படி ஏதாச்சும் விசேஷம் இருக்கா?

கடலைமிட்டாய்_கோடர்:

வணக்கம் மக்களே. காலேஜ் செகண்ட் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். அப்பா சாத்தூர் பக்கம் மளிகைக்கடை வச்சிருக்காரு, அவருக்கு சரக்கு கணக்கு பாக்க சி-ல சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்திருந்தேன். போன வாரம் கடலைமிட்டாய் ஸ்டாக் 0-ன்னு ஆனப்புறம் எங்கயோ டப்பாவுக்குப் பின்னாடி கிடந்த ஒரு பாக்கெட்ட எடுத்து வித்துட்டு பில்லும் போட்டுருக்காரு, அவ்ளோதான், கடலைமிட்டாய் 4294967295 பாக்கெட்னு ஸ்கிரீன்ல வந்து நிக்குது. "ஏலே, 429 கோடி பாக்கெட்ட எந்த குடோன்ல வச்சிருக்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி மானத்த வாங்கிட்டாரு.

ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியும், மைனஸ் நம்பரே வச்சுக்க முடியாத அன்சைன்ட் இன்ட்ல 0-ல இருந்து 1 கழிச்சா அப்படித்தான் சுத்திட்டு வரும். அது என் தப்பு, சரி பண்ணிட்டேன். என் கேள்வி அது இல்ல.

ராத்திரி தூக்கம் வராம இந்த நம்பருக்கு பகா காரணி கண்டுபிடிக்க ஒரு லூப் போட்டேன். வந்தது 3, 5, 17, 257, 65537. வேற எதுவுமே இல்ல, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவை. எல்லாமே 2-ன் அடுக்கு கூட 1 சேர்த்த நம்பர், அதுவும் 2, 4, 16, 256, 65536-ன்னு முன்னாடி உள்ளதோட வர்க்கமா போகுது. இவ்ளோ அழகா வர்றதுக்கு எதாச்சும் காரணம் இருக்கணும்ல? பகா எண், நிறைவெண்னு ஸ்கூல்ல படிச்சோமே அந்த மாதிரி எந்தெந்த வகைல இது சேரும்? ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் "இது ஏதோ ஒண்ணுல உலகத்துலயே பெருசுடா"ன்னு சொல்லிட்டு எதுலன்னு சொல்லாம போயிட்டாரு, அது வேற மண்டைய குடையுது.

பிட்டுக்குபிட்டு:

இதுல ஒண்ணும் இல்ல ப்ரோ. 32 பிட்டும் (0 இல்ல 1 மட்டும் வைக்கிற இடம்தான் பிட்) 1-ஆ இருந்தா வர்ற நம்பர், 2^32-ல ஒண்ணு கம்மி. பழைய ஸ்கூட்டர்ல கிலோமீட்டர் மீட்டர் 99999 வரைக்கும் போயி 00000 ஆகும்ல, அதை நீ ரிவர்ஸ்ல சுத்தி விட்டுட்ட. ஹெக்ஸ்ல, அதாவது 16-ஐ அடிப்படையா வச்சு எழுதினா எட்டு எஃப். நெட்வொர்க்ல 255.255.255.255-ன்னு பாத்திருப்ப, அதுவும் இதே நம்பர்தான். விண்டோஸ் 95-ம் 98-ம் 49.7 நாள் ஆஃப் பண்ணாம ஓடினா தொங்கிப்போகும்னு ஒரு பிரபலமான பக் இருந்துச்சு, அதுக்கும் இதான் காரணம், மில்லிசெகண்ட எண்ணிட்டே வந்து இந்த நம்பரை தாண்டினா 0-க்கு வந்துடும். கம்ப்யூட்டர் பண்ற வேலை இது, கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ரிட்டயர்டு_கணக்கு_டீச்சர்:

பிட்டுக்குபிட்டு தம்பி, சம்பந்தம் இல்லன்னு சட்டுனு சொல்லாதீங்க, இது சம்பந்தம் நிறைய உள்ள நம்பர்.

முதல்ல காரணி ஏன் அப்படி வருதுன்னு பாப்போம். எட்டாங்கிளாஸ்ல வர்ற ஒரே ஒரு ஃபார்முலா போதும், ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம்னா கூட்டல் ஒரு அடைப்புக்குறி கழித்தல் ஒரு அடைப்புக்குறி. 2^32 - 1-ங்கிறது 65536-ன் வர்க்கத்துல 1 கம்மி. அப்ப அது 65537 × 65535. அந்த 65535 மறுபடியும் 256-ன் வர்க்கத்துல 1 கம்மி, அதனால 257 × 255. 255-னா 17 × 15. 15-னா 5 × 3. 3-னா 3 × 1, அதோட முடிஞ்சது. வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு அடுக்கா வருது பாருங்க. 32-ங்கிறதே 2-ன் அடுக்கா இருக்கறதாலதான் கடைசி வரைக்கும் பாதி பாதியா பிரிக்க முடியுது, 2^30 - 1-ஐ இப்படி பிரிச்சா 15-ல வந்து மாட்டிக்கும்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். அந்த ஃபார்முலா காரணிகளைத்தான் குடுக்கும், அந்தக் காரணி பகா எண்ணா இருக்கும்னு அது உறுதி சொல்லாது. 3, 5, 17, 257, 65537 அஞ்சுமே பகா எண்ணா அமைஞ்சது உங்க கடலைமிட்டாய் செஞ்ச புண்ணியம்.

இப்ப வகை. ஒற்றைப்படை, பகு எண். எந்தக் காரணியும் ரெண்டு தடவை வராததால எந்த வர்க்கமும் (1-ஐ விட்டா) இதை வகுக்காது. அஞ்சு பகா காரணி, ஒவ்வொண்ணையும் எடுக்கலாம் இல்ல விடலாம், அதனால மொத்தம் 2^5 = 32 வகுத்திகள். 32 பிட் நம்பருக்கு 32 வகுத்தி, இது தற்செயல் இல்ல, 32-ஐ அஞ்சு தடவை பாதியாக்கினதாலதான் அஞ்சு காரணி வந்தது, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

நிறைவெண்ணான்னு கேட்டீங்க. இல்ல. தன்னைத் தவிர மத்த வகுத்தி எல்லாத்தையும் கூட்டினா அதே நம்பர் வந்தாத்தான் நிறைவெண், இங்க 3009636033 வருது, அதாவது 300 கோடி சொச்சம், நம்பரோ 429 கோடி. கூட்டுத்தொகை நம்பரை விட குறைஞ்சா அதைக் குறைவெண்ணு சொல்றது வழக்கம். ஒற்றைப்படைல நிறைவெண் இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணு கூட சிக்கல, இருக்கவே முடியாதுன்னும் யாரும் நிரூபிக்கல, அதனால இது நிறைவெண்ணா இருந்திருந்தா நீங்க இங்க கேள்வி கேக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்தது. 1-ல இருந்து 4294967295 வரைக்கும் எத்தனை நம்பர் இதோட பொதுக்காரணியே இல்லாம இருக்கு, அதாவது சார்பகாவா இருக்குன்னு எண்ணினா, 2 × 4 × 16 × 256 × 65536. பெருக்கிப் பாருங்க, 2147483648, கரெக்டா 2^31. நம்பரோட 1 சேர்த்து பாதியாக்கினா வர்றது! 3, 15, 255, 65535 எல்லாத்துக்கும் இதே குணம். இந்த வரிசைக்கு வெளில 83623935-ன்னு ஒண்ணு இருக்கு, 3 × 5 × 17 × 353 × 929, அதுக்கும் இது பொருந்தும், பேனாவும் பேப்பரும் எடுத்து சரிபாத்துக்குங்க, நான் பாத்தாச்சு.

சும்மாவந்தேன்:

இது மெர்சென் பகா எண் தான? 2^ஏதோ - 1 வந்தா மெர்சென்னு படிச்ச ஞாபகம்

ரிட்டயர்டு_கணக்கு_டீச்சர்:

இல்லம்மா/இல்லப்பா (யாருன்னு தெரியல). மேல இருக்க அடுக்கு பகா எண்ணா இருந்தாத்தான் அதுக்கு வாய்ப்பே உண்டு. அடுக்கு இரட்டைப்படைன்னா கண்ண மூடிட்டு 3 வகுக்கும்னு சொல்லிடலாம். நீங்க நினைக்கிறது பக்கத்து வீடு, 2^31 - 1, அதாவது 2147483647. அதைப் பகா எண்ணு 1772-ல கணித மேதை ஆய்லர் காட்டினார், அப்ப அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போயிருந்த காலம்.

பக்கத்து வீடுன்னு சொன்னது சும்மா பேச்சுக்கு இல்ல. 4294967295-ல 1 கழிச்சா 4294967294, அது 2 × 2147483647, ரெண்டே பகா காரணி. 1 கூட்டினா 4294967296, சுத்தமா வெறும் 2-கள். இப்படி இடமும் வலமும் ஆளுங்க அமைஞ்ச நம்பர் அபூர்வம்.

கடலைமிட்டாய்_கோடர்:

டீச்சர் செம்ம!! வெங்காயம் உரிக்கிறது புரிஞ்சிருச்சு. அப்ப ஒரு டவுட்டு, 3, 5, 17, 257, 65537-க்கு அடுத்தது 65536-ன் வர்க்கம் கூட 1, அதாவது 4294967297, அதுவும் பகா எண்ணா? ஆமான்னா 64 பிட்டோட பெரிய நம்பரும் இதே மாதிரி அழகா ஆறு காரணியா வரணுமே. லூப் போட்டேன், 641-னு ஏதோ வந்து நின்னுருச்சு, என் ப்ரோக்ராம்ல மறுபடியும் ஓவர்ஃப்ளோவா?

திண்ணைக்காத்து:

உன் ப்ரோக்ராம் சரிதான் தம்பி, அதே இடத்துலதான் ஃபெர்மாங்கிற பிரெஞ்சு கணித மேதையும் சறுக்கினாரு. இந்த மாதிரி நம்பருக்கு ஃபெர்மா எண்ணுன்னே பேரு. பதினேழாம் நூற்றாண்டுல ஃபெர்மா முதல் அஞ்சையும் பாத்துட்டு எல்லாமே பகா எண்ணாத்தான் இருக்கும்னு நம்பினாரு, நிரூபணம் இல்லன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. 1732-ல ஆய்லர் வந்து 4294967297 = 641 × 6700417-ன்னு போட்டு உடைச்சாரு. கம்ப்யூட்டர் இல்லாம எப்படின்னு கேப்ப. 3, 5, 7-ன்னு ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்கல அவரு. இதுக்கு காரணி இருந்தா அது 64-ன் மடங்கு கூட 1-ஆத்தான் இருக்க முடியும்னு முதல்ல கண்டுபிடிச்சாரு. அப்படி வர்ற பகா எண்கள் 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே ஆள் சிக்கிட்டான்.

641 வகுக்குதான்னு வகுக்காமலே பாக்கலாம், ரெண்டு வரிதான். 641 = 5 × 128 + 1, அதே சமயம் 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. முதலாவதுபடி 641-ஆல வகுத்து மீதி மட்டும் பாத்தா 5 × 2^7-க்கு -1, நாலாம் அடுக்கு எடுத்தா 5^4 × 2^28-க்கு 1. ரெண்டாவதுபடி 5^4-க்கு பதிலா -2^4 போடலாம். போட்டா -2^32-க்கு மீதி 1, அப்ப 2^32 + 1-க்கு மீதி 0. முடிஞ்சது. இதை மொதல்ல பாத்தப்ப ஒரு நாள் பூரா சந்தோஷமா இருந்தேன், வீட்ல யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியல அது வேற விஷயம்.

இப்ப உன் சீனியர் சொன்னதுக்கு வர்றேன். "ஏதோ ஒண்ணுல உலகத்துலயே பெருசு". அது இதுதான்: அளவு போடாத ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு, எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமா, ஒற்றைப்படை எண்ணிக்கைல பக்கம் உள்ள பலகோணம் வரையணும்னா, நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதிகபட்சம் 4294967295 பக்கம்.

கதை என்னன்னா, முக்கோணமும் அஞ்சுகோணமும் வரையறது பழைய கிரேக்கர்களுக்குத் தெரியும், ரெண்டையும் சேர்த்து 15 பக்கமும் தெரியும். அதுக்கப்புறம் ரெண்டாயிரம் வருஷம் ஒருத்தரும் நகரல. 1796-ல காஸ்ங்கிற ஜெர்மன் கணித மேதை, பத்தொன்பது வயசு கூட முடியல, 17 பக்கம் வரைய முடியும்னு காட்டினாரு. எந்தெந்த ஒற்றைப்படைக்கு முடியும்னும் சொன்னாரு, வெவ்வேற ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கினா வர்ற நம்பருக்கு மட்டும். மத்ததுக்கு முடியவே முடியாதுங்கிற பாதிய 1837-ல வான்ட்செல் எழுதி முடிச்சாரு. தெரிஞ்ச ஃபெர்மா பகா எண் அஞ்சே அஞ்சு. அஞ்சையும் பெருக்கினா? உங்க கடை ஸ்டாக்.

டீச்சர் சொன்ன 32 வகுத்தில 1-ஐ மட்டும் தள்ளிட்டு மிச்ச 31-ஐ எழுது, அதான் மொத்தப் பட்டியலும். 3-ல ஆரம்பிச்சு 4294967295-ல முடியும். 7 பக்கம் இல்ல, 9 பக்கம் இல்ல, 11 இல்ல, 13 இல்ல.

வரைஞ்சு பாக்கலாம்னு நினைக்காத. பூமத்திய ரேகை அளவுக்கு ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள இந்தப் பலகோணத்த வரைஞ்சா ஒரு பக்கம் 9 மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும், உன் அப்பா கடைல விக்கிற கடலைமிட்டாய் கூட அதைவிட அகலம். 65537 பக்கத்துக்கே ஹெர்மெஸ்னு ஒரு ஜெர்மன்காரர் பத்து வருஷம் உக்காந்து கணக்குப் போட்டு 1894-ல முடிச்சாரு, அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல இருக்கு. பத்து வருஷம்! என்ன பொறுமை!

பிட்டுக்குபிட்டு:

சரி ஒத்துக்குறேன், சம்பந்தம் இருக்கு 🙏 ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒண்ணு கிடைச்சா இந்த ரெக்கார்டு போயிடும் தான?

திண்ணைக்காத்து:

போயிடும். ஆனா கிடைக்கிற மாதிரி தெரியல. ஃபெர்மா எண்ணை 0-ல இருந்து நம்பர் போட்டா 5-ல இருந்து 32 வரைக்கும் எல்லாம் பகு எண்ணுன்னு தெரிஞ்சு போச்சு. இதுல 20-ம் 24-ம் கொஞ்சம் விசித்திரம், பகு எண்ணுன்னு நிச்சயமா தெரியும், ஆனா ஒரு காரணி கூட யார் கைலயும் இல்ல. முடிவு தெரியாம நிக்கிற முதல் ஆள் 33-ஆவது, அதை எழுதவே 258 கோடிக்கு மேல இலக்கம் வேணும்.

64 பிட்டுக்கு நீ கேட்டது: 2^64 - 1 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஆறு இல்ல, ஏழு காரணி. டீச்சர் சொன்ன அந்தப் பாதி கணக்கும் இங்க உடைஞ்சிடும். அதனால 32 பிட்டோட அந்த அழகு சரியா நின்னுபோற எல்லைல நிக்கிற நம்பர் இது.

முக்கோணம்_மாமி:

லேட்டா வந்துட்டேன், நல்ல இழை. யாரும் பாஸ்கல் முக்கோணத்தைச் சொல்லலையே! 1, அடுத்து 1 1, அடுத்து 1 2 1, அடுத்து 1 3 3 1-ன்னு, மேல் வரில பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டைக் கூட்டிக் கீழே எழுதிண்டே போங்கோ. ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போடுங்கோ. இப்போ ஒவ்வொரு வரியையும் பைனரி நம்பரா படிச்சா 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... இது என்னன்னு பாத்தேளா? மேல சொன்ன 32 வகுத்திகள், அதே வரிசைல, சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும். மேல் நுனிய 0-ஆவது வரின்னு வச்சிண்டா 31-ஆவது வரில எல்லாமே ஒற்றைப்படை, 32 ஒண்ணு, அதான் 4294967295. அடுத்த 32-ஆவது வரி ரெண்டு ஓரத்துலயும் 1, நடுவுல பூரா 0, அதாவது 4294967297. ஆய்லர் உடைச்ச அதே நம்பர். பலகோணத்துக்கும் முக்கோணத்துக்கும் இருந்த சொந்தம் கரெக்டா அந்த வரில அறுந்துபோறது. பேரனுக்கு கோலப்பொடியால தரைல 16 வரி போட்டுக் காமிச்சேன், முக்கோணத்துக்குள்ள முக்கோணமா டிசைன் வரும், பாக்க அவ்ளோ நன்னா இருக்கும்.

இன்னொண்ணு, இது முக்கோண எண்ணான்னும் பாக்கலாம், அதான் 1, 3, 6, 10, 15-ன்னு வரிசையா அடுக்கினா வர்ற எண். ஒரு நம்பரை 8-ஆல பெருக்கி 1 சேர்த்தா முழு வர்க்கம் வரணும், வந்தா முக்கோண எண். நம்ம நம்பருக்கு அப்படிப் பண்ணினா 2^35 - 7. இது முழு வர்க்கமா? இங்கதான் நம்ம கும்பகோணத்துக்காரர் வர்றார். 2-ன் அடுக்குலேர்ந்து 7 கழிச்சா முழு வர்க்கம் வர்றது அடுக்கு 3, 4, 5, 7, 15-ஆ இருக்கும்போது மட்டும்தான்னு ராமானுஜன் 1913-ல இந்தியன் மேத்தமடிக்கல் சொசைட்டி ஜர்னல்ல கேள்வியா போட்டார். 1948-ல நார்வேக்காரர் நாகெல் அதை நிரூபிச்சார். 35 அந்த லிஸ்ட்ல இல்லை, அதனால நம்மது முக்கோண எண் இல்லை. லிஸ்ட்ல 15 இருக்கே, அது 4095-க்கு, 12 பிட்டும் 1-ஆ இருந்தா வர்றது, 1-லேர்ந்து 90 வரைக்கும் கூட்டினா அதே 4095. எல்லா பிட்டும் 1-ஆ இருந்து முக்கோணமாவும் இருக்கறதுல அதுக்கு மேல பெருசு கிடையவே கிடையாது.

ரிட்டயர்டு_கணக்கு_டீச்சர்:

ஆஹா மாமி, பாஸ்கல் முக்கோணம் எப்படி விட்டுப்போச்சு எனக்கு! நானும் ஒண்ணு சேத்துட்டுப் போறேன். இதை 8-ஆல வகுத்தா மீதி 7. அப்படிப்பட்ட நம்பரை மூணு வர்க்கத்தோட கூட்டலா எழுதவே முடியாது, நாலு வேணும். 65535^2 + 362^2 + 5^2 + 1^2. நேத்து ராத்திரி கைலயே போட்டது, கால்குலேட்டர்ல சரிபாருங்க.

சும்மாவந்தேன்:

பாத்துட்டேன் சரியா வருது டீச்சர். சும்மா வந்தேன், ஒரு மணி நேரம் போயிருச்சு

கடலைமிட்டாய்_கோடர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட "இது உலகத்துலயே பெரிய பலகோணம்ப்பா"ன்னு சொன்னேன், "அதுக்கு ஜிஎஸ்டி எத்தன பர்சன்ட்"னு கேக்குறாரு.

மாமி சொன்ன பாஸ்கல் முக்கோணத்த ப்ரோக்ராமா எழுதிட்டேன், முன்னாடி வரிய ஒரு பிட் இடது பக்கம் தள்ளி அதோட எக்ஸ்-ஆர் (ரெண்டு பிட்டும் வேற வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0) பண்ணா அடுத்த வரி வந்துடுது, ரொம்ப ஈஸி. 31-ஆவது வரி வரைக்கும் பக்காவா வந்து 4294967295 காட்டுது. ஆனா 32-ஆவது வரில 4294967297-க்கு பதிலா வெறும் 1-ன்னு காட்டுதே, எங்க தப்பு?

பிட்டுக்குபிட்டு:

தம்பி மறுபடியும் அன்சைன்ட் இன்ட்லயே எழுதிருக்க. 33 பிட் வேணும் அதுக்கு. 64 பிட் உள்ள லாங் லாங் போடு.